சங்கரனின் நாலாவது ஃபவுல்

ஐயா,

நீ அப்பாவுக்கு எழுதியதற்கு அம்மாவிடமிருந்து பதில் வருகிறதே என்று குழம்பாதே. அப்பாதான் முதலில் படித்தார். படித்து முடித்து, மடித்து என்னிடம் நீட்டி, "நீயும் ஒருக்கா பாரு" என்றார். அதன்பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாப்பிடுகிறார், பள்ளிக்கூடம் போகிறார், சாயங்காலம் பையன்களை மைதானத்தில் ஓடவிட்டுக் களைத்துப்போய் வருகிறார். அவரிடம் ஆட்டத்தின் விதியைக் கேட்டால் எந்தத் தூக்கத்திலும் எழுந்து சொல்வார். தனக்கு நடந்தது என்ன என்று கேட்டால் தண்ணீர் குடிக்கப் போகிறவர்போல எழுந்து போய்விடுவார். உனக்கு இப்போது விதி வேண்டாம் என்று எனக்குப் பட்டது. அதனால் நான் எழுத உட்கார்ந்தேன்.

திருச்சிக்கு வேலைக்குப் போன முதல் வருஷத்திலேயே உனக்கு இப்படி வந்திருக்க வேண்டாம். கல்லூரிகளுக்கு இடையிலான கூடைப்பந்து ஆட்டம், கடைசி நேரம், நீ விசில் ஊதி எதிர்க் கல்லூரிப் பையனை வெளியே அனுப்பிவிட்டாய். ஆட்டம் முடிந்து கல் விழுந்தது, சட்டை கிழிந்தது. அதெல்லாம் போகட்டும். மறுநாள் யோசித்துப் பார்த்தபோது அவன் கை பந்தில்தான் பட்டது, ஆள்மேல் படவில்லை என்று உனக்கே தோன்றிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். உனக்கு மேலே இருக்கிற உடற்பயிற்சி டைரக்டரோ, "வாயைத் திறக்காதே, ரெஃபரி தப்பை ஒத்துக்கொண்டால் அப்புறம் விசிலுக்கு மதிப்பில்லை" என்கிறார். சொல்வதா, சும்மா இருப்பதா, பேசாமல் வேலையை விட்டுவிட்டுத் தென்காசிக்கே வந்துவிடுவதா என்று கேட்கிறாய். இதே காரியம் நம் வீட்டில் ஒருமுறை நடந்திருக்கிறது. நீ அப்போது சின்னப் பையன். சங்கரன் மாமா ஏன் நம் வீட்டுப் பக்கமே வருவதில்லை என்று நீ கேட்கும்போதெல்லாம், "மாமாவுக்குப் பரீட்சை" என்று சொல்லிச் சமாளித்தேன். பரீட்சையெல்லாம் ஒன்றுமில்லை.

சுரண்டையில் நெல் மண்டியில் தொந்தியும் தோள் துண்டுமாக உட்கார்ந்திருக்கிற மாமாவைத்தான் நீ பார்த்திருக்கிறாய். அவன் ஒருகாலத்தில் ஓடியதையும் எழும்பியதையும் சொன்னால் நம்ப மாட்டாய். கொக்குக் கால். நின்ற இடத்திலிருந்து எழும்பினான் என்றால், மற்றவர்கள் தரைக்கு வந்த பிறகும் அவன் மேலேயே இருப்பான். அவன் கையில் முதன்முதலாகப் பந்தைக் கொடுத்தது உன் அப்பா. அப்பா மதராஸில் டிரில் மாஸ்டர் படிப்பு முடித்துவிட்டுத் தென்காசிப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில், மைதானத்தின் இரண்டு பக்கமும் கம்பம் நட்டு, பலகை அடித்து, கொல்லனிடம் இரும்பு வளையம் செய்து மாட்டினார். ஊரில் எல்லோரும் சிரித்தார்கள். 'கூடையில பந்து போடுத வாத்தியார்' என்று அவருக்குப் பெயர். கல்யாணமான புதிதில் என்னிடம் பேசுவதற்கும் அவருக்கு அந்த ஆட்டத்தை விட்டால் வேறு விஷயம் கிடையாது. சாப்பிட்டுக்கொண்டே விதி சொல்வார். நானும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பந்தைத் தட்டலாம், ஆளைத் தட்டக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல்கடை இடம் இருக்கிறது. அந்த விரல்கடை இடத்தைப் பார்த்துச் சொல்கிற வேலைதான் ரெஃபரிக்கு. இப்போது ஐந்து ஃபவுல் ஆனால்தான் வெளியே அனுப்புகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். அப்போது நாலு.

சங்கரன் பாளையங்கோட்டையில் கல்லூரிக்குப் போய், அங்கே கல்லூரி அணியிலும் சேர்ந்துவிட்டான். அந்த வருஷம் சாரல் சமயத்தில் ஒரு போட்டி வந்தது. குற்றாலத்தில் வருஷாவருஷம் பங்களா எடுத்துத் தங்குகிற மதுரைப் பக்கத்துப் பெரிய மனிதர் ஒருவர், கல்லூரிப் பையன்களுக்கு ஒரு கோப்பை வைத்தார். குற்றாலத்தில் சமதளமான இடம் இல்லாததால் ஆட்டம் நம் பள்ளிக்கூட மைதானத்தில் என்று முடிவாயிற்று. பையன்களுக்குத் தங்க இடம் மட்டும் குற்றாலத்தில், அருவிக்குப் போகிற வழியிலுள்ள ஒரு சத்திரத்தில். கடைசி ஆட்டத்துக்குச் சங்கரனுடைய பாளையங்கோட்டைப் பையன்களும் மதுரைப் பையன்களும் வந்து நின்றார்கள். ஊத வேண்டிய ஆள் திருநெல்வேலியிலிருந்து வரவேண்டும். அவருக்குக் காய்ச்சல் என்று ஒருவன் வந்து சொல்லிவிட்டுப் போனான். உடனே இரண்டு கேப்டன்களும் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். பின்னாலேயே சங்கரனும் வந்தான்.

அப்பா முடியாது என்றார். "எம் மச்சினன் ஆடுதான். நான் ஊதப்படாது. வேற ஆளப் பாருங்க."

மதுரைக் கேப்டன், நல்ல மரியாதையான பையன், "உங்களை விட்டா ரூல் தெரிஞ்ச ஆளு இங்க இல்லைங்க சார். எங்களுக்கு உங்க மேல நம்பிக்கை இருக்கு" என்றான்.

சங்கரன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "அக்கா, அத்தானே ஊதட்டும். மதுரைக்காரனுக்கு என்ன கவலை? அத்தான் ஊதினா எனக்குத்தான் ஒரு ஃபவுல் கூடுதலா விழும்." எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்துக்கொண்டே விசிலை எடுத்துக்கொண்டார்.

அந்த ஆட்டத்தைப் பார்க்க மதராஸிலிருந்து ஒரு புரொபசர் வந்திருந்தார். சர்வகலாசாலை அணிக்கு ஆள் எடுக்கிறவர். சங்கரன்மேல் அவருக்குக் கண் இருக்கிறது என்று பேச்சு. அந்த அணியில் ஆடிவிட்டால் பிறகு போலீஸிலோ ரயில்வேயிலோ கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள் என்று உன் தாத்தா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். உன்னை ஆச்சியிடம் விட்டுவிட்டுத் தாத்தாவும் சுந்தரபாண்டியபுரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். பெண்களுக்கென்று ஒரு பக்கத்தில் பந்தல் போட்டு பெஞ்சு வைத்திருந்தார்கள். நான் உட்கார்ந்த இடம் ஒரு வளையத்துக்கு நேர் பக்கவாட்டில். அதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்.

சாரல் விழுந்துகொண்டிருந்தது. உடம்பு நனையாத, ஆனால் எல்லாவற்றின்மேலும் முத்துமுத்தாக உட்கார்ந்துகொள்கிற சாரல். செம்மண் தரையில் மணலைத் தூவியிருந்தார்கள். கோடு போட்ட சுண்ணாம்பு மட்டும் கூழாகிவிட்டது. அப்பா கண்ணாடியைத் துடைப்பதும் ஓடுவதும் துடைப்பதுமாக இருந்தார். ஆட்டம் மிகவும் நெருக்கம். சங்கரனுக்கு முதல் பாதியிலேயே இரண்டு ஃபவுல் விழுந்தது, அப்புறம் ஒன்று. மூன்றும் சரியானவைதான். வேகத்தில் போய் மோதினான், நானே பார்த்தேன். மூன்றுக்கும் அவனே கையைத் தூக்கி ஒத்துக்கொண்டான். அதன்பிறகு மிகவும் கவனமாக ஆடினான்.

கடைசியில் பாளையங்கோட்டைக்கு ஒரு பாயிண்ட் கூடுதல். மணி அடிக்கப் போகிறார்கள். மதுரைக் கேப்டன் பந்தோடு வந்து வளையத்துக்குக் கீழே எழும்பினான். சங்கரன் எதிரே எழும்பினான். என் கண்ணுக்கு நேரே நடந்தது ஐயா. சங்கரனுடைய உள்ளங்கை பந்தின்மேல் விழுந்தது, பந்தின்மேல் மட்டும். பளீரென்று ஒரு சத்தம். மதுரைப் பையன் இறங்கும்போது அவன் கால் அந்தச் சுண்ணாம்புக் கூழில் வழுக்கிவிட்டது. மல்லாக்க விழுந்தான். அப்பா இருந்தது சங்கரனுக்குப் பின்னால். அவருக்குத் தெரிந்தது சங்கரன் முதுகு; காதில் விழுந்தது அந்த அடிச் சத்தம்; அப்புறம் பார்த்தது தரையில் கிடக்கிற பையன். விசில் ஊதிவிட்டார்.

நாலாவது ஃபவுல். சங்கரன் வெளியே போகவேண்டும். மதுரைக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. மைதானமே ஓவென்று கத்தியது. சங்கரன் கத்தவில்லை. இந்தத் தடவை கையைத் தூக்கவும் இல்லை. அத்தானையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்பா வெளியே என்று கையைக் காட்டினார். அவன் போய்விட்டான். அந்த மதுரைக் கேப்டன் இரண்டையும் போட்டான். ஒரு பாயிண்டில் கோப்பை மதுரைக்குப் போனது.

சங்கரனுக்குப் பிடிக்கும் என்று அன்றைக்கு உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் செய்து வைத்திருந்தேன். அவன் வரவில்லை. நேரே சத்திரத்துக்குப் போய்விட்டான். தாத்தா நம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தாமலே போய்விட்டார்.

மறுநாள் காலையில் நானும் அப்பாவும் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனோம். போட்டி முடிந்ததும் அருவிக்குப் போகலாம் என்று முன்னாலேயே பேசி வைத்திருந்தது. வேண்டாம் என்று சொல்ல இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. வண்டியைவிட்டு இறங்கி, கடைகளைத் தாண்டி, அருவிச் சத்தம் கேட்கிற இடத்துக்கு வந்ததும் அவர் நின்றார்.

"ஏட்டி, நீ அந்தப் பக்கமாத்தான உக்காந்திருந்தே?"

"ஆமா."

"பாத்தியா?"

இப்போது உனக்குச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு எது பயமாக இருந்தது என்று. பட்டது என்று சொன்னால் இவர் நிம்மதியாக அருவியில் நிற்பார். என் தம்பி மட்டும் ஆயுசுக்கும் ஆளைத் தட்டிவிட்டு மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போனவன் ஆவான். படவில்லை என்று சொன்னால் இந்த மனிதர் இனிமேல் விசிலைக் கையால் தொடுவாரோ மாட்டாரோ. ஊரில் இவருக்கு இருக்கிற மரியாதையெல்லாம் அந்த விசிலில்தான் இருந்தது. பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கேட்டது தெரிந்துகொள்ளத்தான். என்னைச் சமாதானம் சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை.

"படல" என்றேன். "கை பந்துலதான் விழுந்தது. அந்தப் பையன் வழுக்கி விழுந்தான்."

"நிச்சயமாவா?"

"நீங்க கேக்கலன்னா சொல்லியிருக்க மாட்டேன். கேட்டீங்க. படல."

அவர் ஆண்கள் பக்கம் போய் அருவிக்குக் கீழே நின்றார். நான் குளித்துத் தலை துவட்டிப் புடவை மாற்றிக்கொண்டு வந்த பிறகும் அங்கேயே நின்றார். தலையில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. எத்தனையோ பேர் வந்து குளித்துவிட்டுப் போனார்கள். வெளியே வந்ததும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சத்திரத்துக்குப் போயிட்டுப் போவோம்" என்றார்.

சத்திரத்து முற்றத்தில் இரண்டு அணிப் பையன்களும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஈரத்துணியோடு வாசலில் மரத்தடியில் நின்றேன். உள்ளே பேசுவது எல்லாம் கேட்டது. அப்பா யார் பெயரையும் சொல்லிக் கூப்பிடவில்லை, நடுவில் போய் நின்றார். "நேத்து கடைசியா நான் ஊதுனது தப்பு. சங்கரன் கை பந்துலதான் பட்டிருக்கு. நான் நின்ன எடம் சரியில்ல. சத்தத்த வச்சு ஊதிட்டேன். ஆட்டத்த மாத்த முடியாது, கோப்பைய மாத்த முடியாது. ஆனா அவன் ஃபவுல் பண்ணல."

பாளையங்கோட்டைப் பையன்களைக் கூட்டிக்கொண்டு வந்த வாத்தியார்தான் முதலில் வாயைத் திறந்தார். தோற்ற பக்கத்து ஆள் அவர். அவருக்கே பிடிக்கவில்லை. "என்ன ஸார் இது? ரெஃபரி இப்படிச் சொல்லலாமா? நாளைக்கு எவன் ஒம்ம விசிலுக்கு நிப்பான்?" என்றார். அப்பா சங்கரனைத்தான் பார்த்தார்.

சங்கரன் இலையிலிருந்து எழுந்தான். "ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"ஒங்க அக்கா பாத்திருக்கா."

"அக்கா சொன்னாத்தான் தெரியுமா அத்தான்? நான் கையத் தூக்காம நின்னேனே. மூணு தடவ தூக்குனவன் நாலாவதுக்கு ஏன் தூக்கலன்னு யோசிச்சீங்களா?" குரல் உயரவே இல்லை. அதுதான் எனக்கு வெளியே நின்று கேட்கமுடியாமல் இருந்தது. "இன்னைக்கு வந்து சொல்லுதீங்க. இத வச்சு நான் என்ன செய்ய?"

கை கழுவிவிட்டு உள்ளே போய்விட்டான். அக்கா வெளியே நிற்கிறாள் என்று தெரிந்தும் வந்து பார்க்கவில்லை. அப்பா அங்கிருந்து நேரே கோப்பை வைத்தவரின் பங்களாவுக்குப் போய், அங்கே தங்கியிருந்த மதராஸ் புரொபசரையும் பார்த்தார். அவர் நல்லவிதமாகத்தான் பேசினாராம். ஆனால் முந்தின நாளே வேறு பையனைத் தீர்மானித்துவிட்டேன், கடைசி நேரத்தில் நிதானம் இல்லாதவன் என்று நினைத்துவிட்டேன், இனி மாற்றமுடியாது என்றாராம். சங்கரன் சர்வகலாசாலை அணியில் ஆடவே இல்லை. போலீஸ், ரயில்வே எதுவும் கூப்பிடவில்லை. அப்பா போய்ச் சொன்னதால் ஒன்றும் திரும்பி வரவில்லை ஐயா. இதை மறைத்து உனக்கு நான் புத்தி சொன்னால் அது புத்தியில்லை.

அதற்குப் பிறகு வந்த வேடிக்கையைக் கேள். தாத்தா கோபமாக வந்தார். விசில் ஊதியதற்குக் கோபம் என்று நினைத்தேன். இல்லை. "தப்புன்னா தப்பாவே இருக்கட்டும் மாப்ளே. அத வெளிய போய்ச் சொல்லுதேன்னு எம் மக பேர எதுக்கு அத்தன ஆம்பளைங்க மத்தியில இழுத்தீங்க? பாட்டு மாதிரிப் பாடுதானுவ" என்றார். பாட்டு மாதிரித்தான் பாடினார்கள். அடுத்த தடவை அப்பா ஊதப் போனபோது கூட்டத்திலிருந்து எவனோ, "வாத்தியாரே, வீட்டுக்காரியக் கேட்டுட்டு ஊதும்!" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். அதிலிருந்து ஒவ்வொரு விசிலுக்கும் அதே கூச்சல்தான். கோயிலுக்குப் போனால் பிரகாரத்தில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு, "மேல படாம நடங்க, பெரிய ரெஃபரி வாறாக" என்பார்கள். நான் மைதானத்துப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன்.

அவர் விடவில்லை. அடுத்த ஆட்டத்தன்று வேட்டி கட்டிக்கொண்டே, "கிளம்பு" என்றார்.

"நான் வந்தா சிரிக்காங்க."

"சிரிக்கட்டும்."

"ஒங்களத்தான் சிரிக்காங்க."

"என்னத்தான சிரிக்கான், ஒனக்கென்ன? நீ உள்ளதச் சொன்னவ. நீ எதுக்கு வீட்டுக்குள்ள இருக்கணும்?" என்றார். போனேன். கூச்சல் போட்டார்கள். பெஞ்சில் கல்லுமாதிரி உட்கார்ந்திருந்தேன். அவர் அந்தக் கூச்சலுக்கு நடுவில் ஓடி ஓடி ஊதினார். முன்பைவிட அதிகம் ஓடினார் என்பதைக் கவனித்தேன். ஆளுக்குப் பின்னால் நிற்பதை விட்டுவிட்டார். பக்கவாட்டுக்கு ஓடிவந்து, கைக்கும் பந்துக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். சத்தத்தை நம்பி ஊதியதை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. ஒத்துக்கொண்டதால் அவர் பெரிய மனிதர் ஆகவில்லை. ஆனால் ரெஃபரியாக முன்பைவிடத் தேறினார். அதற்கு நான் சாட்சி.

சங்கரன் பேசவில்லை. தீபாவளிக்கு நம் வீட்டுக்கு வரவில்லை, பொங்கலுக்கு வரவில்லை. அடுத்த சாரலுக்கு மறுபடியும் அவனுடைய கல்லூரி வந்தது. மறுபடியும் அப்பா ஊதவேண்டியதாயிற்று. அவனுக்கு அது கடைசி வருஷம். உன் ஆச்சி என்னிடம் ரகசியமாகச் சொன்னாள்: "மாப்பிளட்ட சொல்லு, ஒருக்காவாவது கண்டும் காணாம இருக்கச் சொல்லு. புள்ளைக்குப் பட்டதுக்கு ஈடா இருக்கும்." நான் அதை அவரிடம் சொன்னேன். ஆட்டத்தில் சங்கரன் பந்தைத் தரையில் தட்டாமல் ஓர் அடி கூடுதலாக வைத்துப் போய் வளையத்தில் போட்டான். அவ்வளவு கூட்டத்தில் யாருக்கும் தெரியாத ஓர் அடி. பந்து உள்ளே விழுந்து எல்லோரும் கை தட்டும்போது விசில் கேட்டது. அந்தக் கூடை செல்லாது. ஆச்சி என் கையைக் கிள்ளினாள். எனக்கும் அந்த நிமிஷத்தில் இந்த மனிதரோடு எப்படிக் குடும்பம் நடத்துவது என்றுதான் இருந்தது. ஆனால் சங்கரன் முகத்தைப் பார்த்தேன். அவன் கோபப்படவில்லை. பந்தைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தான். பேச்சில்லைதான், ஆனால் கையில் கொடுத்தான். தரையில் வீசிவிட்டுப் போகவில்லை.

அதற்கும் அடுத்த வருஷம். சங்கரன் படிப்பை முடித்துவிட்டு, எங்கும் வேலை அமையாமல், சுரண்டையில் மண்டி ஆரம்பித்திருந்தான். அவனை ஆட்டத்துக்கு யாரும் அழைக்கவில்லை. ஆண்கள் பக்கம் பின்னால் வந்து நின்றதை நான் முதலில் பார்க்கவில்லை. ஆட்டம் இழுபறி. அப்பா ஒரு ஃபவுல் ஊதினார், கூட்டத்துக்குப் பிடிக்கவில்லை. வழக்கமான கூச்சல். "வீட்டுக்காரியக் கேளும்! வீட்டுக்காரியக் கேளும்!" சிலபேர் என் பக்கம் கையைக் காட்டினார்கள். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது, மண்டியில் கத்திக் கத்தி வளர்த்த குரல்.

"ஏய், யாருவே அது? எந்திரிச்சு நின்னு சொல்லும்! இந்த மைதானத்துல தப்பா வெளிய போனவன் நான் ஒருத்தன். எனக்கே அவரு விசில் மேல சந்தேகம் இல்ல, ஒமக்கு என்னவே வந்துது? தப்ப வீட்டோட வச்சிக்கிடாம எங்கிட்ட வந்து சொன்ன மனுசன்வே அவரு. ஒம்ம சோலி எதுலயாவது நீரு அப்படிச் சொல்லியிருக்கீரா?"

கூட்டம் அடங்கிவிட்டது. சங்கரனைத் தெரியாதவர்கள் அங்கே யாரும் இல்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பா என்ன செய்தார் தெரியுமா? விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தி, சங்கரன் பக்கம் நடந்து போனார். கட்டிப்பிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். "பாக்க வந்தவங்க உக்காந்து பாக்கணும். ஆட்டத்துக்கு எடஞ்சலா இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். சங்கரன் விழுந்து விழுந்து சிரித்தான். "பாத்தீங்களாவே, என்னத்தான் மறுபடியும் வெளிய அனுப்பப் பாக்காரு" என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டே உட்கார்ந்தான். அன்று சாயங்காலம் நம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டான். அவன் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பந்து போடக் கற்றுக்கொடுத்தது அந்த வருஷத்திலிருந்துதான்.

இதைச் சொன்னதால் நீயும் போய்ச் சொல்லிவிடு, எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. உன் டைரக்டர் சொல்வதும் பொய்யில்லை. விசிலுக்கு மதிப்பு குறையும், நாங்கள் பார்த்தோம். திரும்பி வரப் பல வருஷம் ஆகும், அதையும் பார்த்தோம். சிலருக்கு வராமலே போகும். உன் வேலைக்குக்கூட ஆபத்து வரலாம். நீ இன்னும் வேலையில் நிரந்தரம் ஆகவில்லை, யோசித்துத்தான் செய்யவேண்டும். வேலையை விட்டுவிட்டு வருவது என்பதை மட்டும் யோசிக்காதே. தப்பாக ஊதியவன் ஓடிவிட்டால், அந்தத் தப்பைத் தெரிந்துவைத்திருக்கிறவன் ஒருவனும் மைதானத்தில் இல்லாமல் போய்விடுவான். இன்னொன்று. உன் மனதை ஆற்றிக்கொள்வதற்காகச் சொல்லாதே. அப்பா சொன்னதால் அவர் மனது ஆறியது என்று எனக்குத் தோன்றவில்லை. சங்கரன் அந்தச் சத்திரத்தில் கேட்டானே, "இத வச்சு நான் என்ன செய்ய" என்று, அதை இப்போதும் சில நாள் சாப்பிடும்போது நினைத்துக்கொள்கிறார் என்று அவர் கை நிற்பதைப் பார்த்தாலே எனக்குத் தெரியும்.

இதுவரை எழுதுவதற்குள் அவர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டார். யாருக்கு எழுதுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். பழைய கதையையெல்லாம் எழுதிவிட்டேன் என்றும் சொன்னேன். கோபிப்பார் என்று பார்த்தேன். கோபிக்கவில்லை. கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, உன் கடிதத்தை எடுத்துவரச் சொன்னார். மறுபடியும் முழுதும் படித்தார். "டைரக்டரப் பத்தி எழுதியிருக்கான். கல்லு விழுந்தத எழுதியிருக்கான். சட்டை கிழிஞ்சத எழுதியிருக்கான். தூக்கம் வரலன்னு எழுதியிருக்கான்" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நீ எழுதாமல் விட்டது ஒன்று உண்டு என்று நானும் அப்போதுதான் கவனித்தேன்.

உனக்கு எழுதும்படி ஒரே ஒரு வரி சொன்னார். அதை அப்படியே எழுதிவிடுகிறேன்.

"வெளிய போன பையன் பேரு என்னன்னு கேளு."

உன் அம்மா